மூல நட்சத்திரம் என்ன பாவம் செய்தது?

மூன்றாமாண்டு சிவில் மாணவன்
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'நட்பு', 'தாய்மை', 'இளைஞர் கையில் நாளைய இந்தியா' என்றெல்லாம் எழுத நம் கல்லூரியில் ஆள் நிறைய உண்டு. நான் எழுத நினைத்தது வானத்தைப் பற்றி. "சிவில் படிக்கிறவனுக்கு மண்ணுலதான் வேலை. வானத்துல உனக்கென்னடா வேலை?" என்று ஹாஸ்டலில் கிண்டல் செய்தார்கள். வேலை இருக்கிறது நண்பர்களே. படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். என் ரூம்மேட்டுக்கு ஓர் அக்கா. பட்டப் படிப்பு முடித்து வேலைக்குப் போய், இவனுக்கு மெஸ் ஃபீஸ் கட்டுவதே அவர்தான். மூன்று வருடமாக வரன் பார்க்கிறார்கள். போட்டோவைப் பார்த்தால் பிடித்துப் போகிறது. படிப்பைக் கேட்டால் திருப்தி. ஜாதகம் கை மாறியதும்தான் குரல் மாறுகிறது. "மூலமா...? சரி, வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்." அதன் பிறகு போன் வருவதே இல்லை.

'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று ஒரு வாசகம் நம் ஊர்ப் பக்கம் சுற்றுகிறது. மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். ஆயில்யம் வந்தால் மாமியாருக்கு ஆகாதாம். கேட்டை வந்தால் மூத்த மைத்துனருக்கு ஆகாதாம். குடும்பத்தில் ஆளுக்கொரு நட்சத்திரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்!

ஒருநாள் ராத்திரி என் ரூம்மேட் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு கேட்டான்: "டேய் மாப்ளே, மூலம் மூலம்னு எங்க அக்கா வாழ்க்கையையே நிறுத்தி வச்சிருக்காங்களே... அந்த நட்சத்திரம் எங்கடா இருக்கு? யாராவது பார்த்திருக்காங்களா?"

எங்கள் விங்கில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். தன் நட்சத்திரம் என்ன என்று எல்லோருக்கும் தெரிகிறது. அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. பார்க்காத ஒன்றுக்குப் பயப்படுகிறோம் நண்பர்களே! இந்தக் கட்டுரை பிறந்தது அன்றைக்குத்தான்.

அப்பாயியின் கடிகாரம்

எனக்கு ஊர் கொல்லிமலை, ஆலத்தூர் நாடு. காரவள்ளியில் பஸ் ஏறி 70 கொண்டை ஊசி வளைவு சுற்றி மேலே வந்தால், கரண்ட் போன ராத்திரியில் வானம் தலையில் இடிக்கிற மாதிரி கீழே இறங்கி வந்திருக்கும். கீழ்நாட்டில் இருந்து வருகிற நண்பர்கள் முதல் தடவை பார்த்துவிட்டு "இவ்வளவு நட்சத்திரமா!" என்று வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அது சாதாரணம். சாதாரணமாக இருப்பதாலேயே நாங்களும் அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பார்த்தவர் என் அப்பாயி. காட்டுப் பன்றி வராமல் இருக்க, கார்த்திகை மார்கழிக் குளிரில் சாமைக் காட்டுப் பரணில் காவலுக்குப் படுப்போம். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் வாட்ச் கிடையாது. ஆனால் "வரிசையா மூணு வெள்ளி நிக்குது பாரு சாமி, அது உச்சிக்கு வந்துருச்சு. நடுச்சாமம் ஆச்சு, நீ தூங்கு" என்பார். செல்போனைத் திறந்து பார்த்தால் மணி பன்னிரண்டு, பன்னிரண்டே கால் இருக்கும்!

பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாயி காட்டிய மூன்று வெள்ளியை மேல்நாட்டார் 'ஓரியன்' என்ற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை என்கிறார்கள். டிசம்பர் நடுவில் அது சரியாக நள்ளிரவில் உச்சிக்கு வரும். அப்பாயி சொன்னது அஸ்ட்ரானமி. அதைச் சொல்ல அவருக்கு டிப்ளமோ தேவைப்படவில்லை.

காலண்டரைக் கிழிக்கிறோம், படிப்பதில்லை

பூமியைச் சுற்றி வர நிலவுக்கு 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. ஒரு ராத்திரிக்கு ஒரு தங்கும் இடம் என்று நம் முன்னோர் அந்த வழியை 27 பங்காக்கி, பக்கத்தில் தெரிகிற நட்சத்திரத்தின் பெயரை ஒவ்வொன்றுக்கும் வைத்தார்கள். 360 டிகிரியை 27ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பங்கு 13 டிகிரி 20 நிமிடம். அவ்வளவுதான் 'நட்சத்திரம்' என்பது. நிலவின் வழிப் பாதையில் நட்ட செயினேஜ் கல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இனி நம் திருவிழாக்களைப் பாருங்கள். சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம்... முன்னால் இருப்பது மாதம், பின்னால் இருப்பது நட்சத்திரம். அந்தந்த மாதத்து முழு நிலவு எந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறதோ, அதுதான் விழா. கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றிவிட்டு உள்ளே போய் டி.வி. பார்க்கிறோம். ஒரு நிமிடம் கிழக்கே அண்ணாந்து பார்த்தால், முழு நிலவின் பக்கத்திலேயே சின்னக் கொத்தாக ஆறு மீன்! நம் பாட்டிமார் 'ஆறாமீன்' என்றார்களே, அதுதான் கார்த்திகை. சரவணப் பொய்கையில் முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு தாய்மார்.

மாசச் சம்பளக்காரன் வீட்டுக் காலண்டரிலேயே வான வரைபடம் தொங்குகிறது. நாம் தினமும் அதைக் கிழித்துப் போடுகிறோம்.

ஒரே வானம், ஊருக்கொரு கதை

இந்த ஆறாமீனை கிரேக்கர்கள் அட்லஸின் ஏழு பெண்கள் என்றார்கள். ஓரியன் அவர்களைத் துரத்த, அவர்கள் வானத்துக்குத் தப்பி வந்தார்களாம். ஜப்பான்காரர்கள் 'சுபாரு' என்றார்கள். அந்தப் பெயரில் ஓடுகிற காரின் சின்னத்தில் இன்றைக்கும் அந்த நட்சத்திரங்கள் இருக்கின்றன.

ஓரியன் கதையோ இன்னும் விசேஷம். கிரேக்கருக்கு அவன் வேட்டைக்காரன். தேள் கொட்டிச் செத்தவன். அதனால்தான் விருச்சிகம் கிழக்கே எழும்போது ஓரியன் மேற்கே இறங்கி ஓடுகிறான் என்று கதை கட்டினார்கள். எகிப்தியருக்கு அவன் ஒசைரிஸ், மறு உலகத்தின் அரசன். நம் நாட்டில் அதே இடம் மிருகசீரிடம், அதாவது மானின் தலை. மகளையே துரத்திய பிரஜாபதி மான் உருவம் எடுக்க, ருத்திரன் அம்பு விட்டானாம். மூன்று வெள்ளியும் மானின் மேல் தைத்த அம்பு. பக்கத்தில் செக்கச்செவேல் என்று எரிகிறதே, அதுதான் திருவாதிரை, சிவனின் நட்சத்திரம். சிவந்தவனுக்குச் சிவந்த நட்சத்திரம்! 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியதும் உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் பதறிப் போனார்கள். 2020இல் மறுபடி பழைய ஒளிக்கு வந்தது. அது வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசாகி மறைத்ததுதான் காரணம் என்றார்கள்.

வடக்கே சப்தரிஷி மண்டலம். ஏழு நட்சத்திரம். வாலில் நடு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் ஒட்டினாற்போல் இன்னொரு சின்னப் புள்ளி. பெரியது வசிஷ்டர், சின்னது அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி காட்டுகிறோமே, அவர்தான். முகூர்த்தமோ காலை ஒன்பதில் இருந்து பத்தரை! நான் போன ஒரு கல்யாணத்தில் புரோகிதர் கை நீட்டிய திசையில் பார்த்தேன். மண்டபத்து ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது!

ஒன்று கவனித்தீர்களா? அரசர்கள், ரிஷிகள், வீரர்கள் என்று ஏட்டில் ஏறிய கதைகள் இவை. ஏட்டில் ஏறாத கதைகளும் உண்டு. மராட்டிய மாநிலம் விதர்பாவில் கோண்டு பழங்குடி மக்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானி மயங்க் வாஹியாவும் கணேஷ் ஹல்கரேவும். 2013இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அந்த மக்களுக்கு சப்தரிஷி மண்டலம் ரிஷிகள் அல்ல, ஒரு கட்டில். வால் பக்கத்து மூன்று நட்சத்திரமும் அந்தக் கட்டிலைத் திருட வந்த மூன்று திருடர்கள்! ஓரியன் அவர்களுக்குக் கலப்பை. உழுகிறவன் வானத்தில் கலப்பையைத்தானே பார்ப்பான்? ராஜாவையா பார்ப்பான்?

தெற்கு வானம் நமக்கு

கொல்லிமலை ஏறத்தாழ 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 11 டிகிரிதான் உயரும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி உயரம். எங்கள் ஊரில் மலைமுகடு மறைத்துவிடும். வடக்கில் நமக்கு இந்த நஷ்டம் என்றால் தெற்கில் கொள்ளை லாபம்!

மாசி மாதம் முன்னிரவில் தெற்கே பளீரென்று நிற்பது அகத்தியர். ஆங்கிலத்தில் கேனோபஸ். வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். டெல்லியில் இருந்து பார்த்தால் அது ஏறக்குறைய 9 டிகிரிதான் எழும். நம் மலையில் 26 டிகிரி. ஏதென்ஸில் இருப்பவனுக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. தெற்கே நடக்க நடக்க அகத்தியர் உயர்ந்துகொண்டே வருவார். வடக்கில் இருந்து கிளம்பி விந்தியத்தைப் பணிய வைத்து, பொதிகைக்கு வந்த முனிவர் என்ற கதையை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். நடந்தவன் எவனோ கண்ணால் கண்டதைத்தான் கதையாகச் சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே நட்சத்திரம் ரோட்ஸ் தீவில் எவ்வளவு உயரம், அலெக்சாண்டிரியாவில் எவ்வளவு உயரம் என்ற வித்தியாசத்தை வைத்துத்தான் பொசிடோனியஸ் என்ற கிரேக்கர் 2,000 வருடத்துக்கு முன்பே பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டார். சர்வேயர்களுக்கு அவர் பெரியப்பா முறை!

சித்திரை, வைகாசியில் தெற்கே தாழ்வாக நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். நம் கதையில் அவர் திரிசங்கு. உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்டவர். விசுவாமித்திரர் மேலே அனுப்ப, இந்திரன் கீழே தள்ள, நடுவிலேயே தலைகீழாகத் தொங்கிவிட்டார். நண்பர்களே, எனக்கு நட்சத்திரங்களிலேயே இவர் மேல்தான் பாசம் அதிகம். பி.இ. முடித்தவன் 'டிப்ளமோதானே' என்கிறான். மேஸ்திரி 'இஞ்சினியர் தம்பி' என்று சொல்லிச் சிரிக்கிறார். மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல்... நாம் எல்லோருமே திரிசங்கு நட்சத்திரம்தானே? ஆனால் ஒன்று. கடலில் தெற்குத் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு எல்லாம் வழி காட்டியவர் அந்தத் திரிசங்குதான்!

வானத்தில் ஒரு டிராயிங் ஹால்

'நட்சத்திரக் கூட்டம் எல்லாம் கடவுள் வரைந்தது' என்று யாராவது சொன்னால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள்.

கி.பி. 150 வாக்கில் டாலமி 48 கூட்டங்களைப் பட்டியல் போட்டார். 12 ராசி என்ற பிரிவு அதற்கும் வெகு முன்னால் பாபிலோனில் பிறந்து, கிரேக்கர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 'ஓரை' என்று நாம் சொல்லும் சொல்லே கிரேக்கச் சொல்தான். கப்பலேறித் தெற்கே போன டச்சுக்காரர்கள் 1590களில் புதிதாக 12 கூட்டங்களைச் சேர்த்தார்கள். 1751இல் லக்கேல் என்ற பிரெஞ்சு வானியலார் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போய், ஏறக்குறைய 10,000 நட்சத்திரங்களை அளந்து, 14 புதுக் கூட்டங்களுக்குப் பெயர் வைத்தார். என்ன பெயர் தெரியுமா? காம்பஸ், மூலைமட்டம், உளி, உலை, ஏர் பம்ப், பெண்டுலக் கடிகாரம், மைக்ராஸ்கோப், டெலஸ்கோப்! நம் டிராயிங் ஹாலும் ஒர்க் ஷாப்பும் அப்படியே வானத்தில் ஏறிவிட்டன. 1922இல் சர்வதேச வானியல் சங்கம் மொத்தம் 88 என்று முடிவு செய்தது. 1930இல் ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு போட்டார்கள், நாம் ப்ளாட்டுக்குப் போடுகிற மாதிரி.

லக்கேல் வைத்த பெயர்களில் ஒன்று 'ரெட்டிக்யூலம்'. தியோடலைட்டில் கண் வைத்தால் குறுக்குக் கோடு தெரிகிறதே, அந்த மாதிரியான ரெட்டிக்யூலின் பெயர்தான். 1867இல், அந்தக் கூட்டத்தில் ஒளி கூடிக் குறைகிற ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்? சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி! நம்மைப் போலத்தான், மேலே ஒரு துரை, கீழே இவர். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்து போவதற்கு முன், அது என்ன ஏது என்று மக்களுக்கு விளக்க எளிமையாக ஒரு புத்தகம் எழுதிப் பல மொழிகளில் வரச் செய்தார். பழைய சூத்திரத்தையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள் என்று திருக்கணித பஞ்சாங்கத்துக்காக வாதாடியதும் அவரே.

அவர் வாதாடியதில் நியாயம் உண்டு. பூமியின் அச்சு, சுற்றி முடிகிற பம்பரம் மாதிரி 26,000 வருடத்துக்கு ஒரு தரம் மெல்லத் தலையாட்டுகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் உத்தராயணம் கொண்டாடுவது தை முதல் நாள். இடையில் மூன்று வாரத்துக்கு மேல்! அப்பா மடியில் இடம் கிடைக்காமல் தவம் செய்து 'அசையாத பதவி' வாங்கிய துருவனும் அப்படித்தான். எகிப்தில் பிரமிடு கட்டிய காலத்தில் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது வேறு நட்சத்திரம். துருவனே இடம் மாறும்போது, பஞ்சாங்கத்தில் அச்சடித்த பயம் மட்டும் மாறக் கூடாதா?

இப்போது மூலத்துக்கு வருவோம்

விருச்சிகத்தின் கொடுக்கு இருக்கிறதே, தேளின் வால் நுனி, அதுதான் மூலம். கிரேக்கனுக்கு அது விஷக் கொடுக்கு. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுக்காரர்களுக்கு அது தூண்டில் முள். அவர்களுடைய வீரன் மாவி அந்தத் தூண்டிலைப் போட்டுத்தான் கடலுக்கு அடியில் இருந்து தீவுகளையே இழுத்தான் என்பது அவர்கள் கதை. அவர்களுக்கு மூலம் அழிக்கிற நட்சத்திரம் அல்ல, குடியிருக்க நிலம் கொடுத்த நட்சத்திரம்!

சரி, அது அந்நிய தேசத்துக் கதை என்பீர்கள். நம் கதைக்கே வாருங்கள். அதர்வ வேதத்தில் இரட்டை நட்சத்திரம் ஒன்றை 'கட்டை அவிழ்ப்பவை' என்று கூப்பிட்டு, நோயின் கட்டை அவிழ்க்கச் சொல்லி வேண்டுகிறார்கள். அது இந்தத் தேள் வாலின் இரட்டை நட்சத்திரம்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பின்னால் வந்தவர்கள் அதே இடத்துக்கு நிருதி என்ற அழிவின் தேவதையை அதிபதியாக்கினார்கள். கட்டை அவிழ்த்த நட்சத்திரத்தை வைத்தே இன்றைக்கு ஒரு பெண்ணைக் கட்டிப் போடுகிறோம்!

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில் நிற்கிறார். அவர் ஜெயந்திக்கு 1,00,008 வடையில் மாலை சாத்துகிறார்கள். அவர் பிறந்த நட்சத்திரம்? மார்கழி மூலம்! "அது ஆண் மூலம் தம்பி, அரசாளும்" என்று பெரியவர்கள் சமாளிக்கலாம். அப்படியானால் நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாகனம் செய்வது எந்த நட்சத்திரத்தில்? அதுவும் மூலம்தான். அரியர் கிளியர் ஆக வேண்டும் என்று புத்தகத்தை அடுக்கி வைத்து நாம் கும்பிடுகிறோமே, அந்த அம்மாவுக்கு உரியது பெண் மூலம் இல்லையா?

கடைசியாகக் கணக்கு. நாம் டெக்னிக்கல் ஆட்கள், கணக்கு இல்லாமல் எப்படி?

ஒன்று: 27 நட்சத்திரத்தில் ஒன்று மூலம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்கள் 3.6 கோடி. 27ஆல் வகுத்தால் தோராயமாக 13 லட்சம் பேர் மூலம். இத்தனை பேர் வீட்டிலும் கல்யாணமான கையோடு மாமனார் போய்விட்டார் என்றால் பேப்பரில் வந்திருக்காதா? ஊரே கவனித்திருக்காதா?

இரண்டு: நிலவு மூல நட்சத்திரத்தைத் தொடுவதே இல்லை. சூரியன் போகிற பாதையில் இருந்து நிலவு அதிகபட்சம் 5 டிகிரிதான் விலகும். தேள் கொடுக்கோ 13 டிகிரிக்கும் மேல் தெற்கே இருக்கிறது. 'மூலத்தில் நிலா' என்று ஜாதகம் எழுதும் நாளில்கூட இரண்டுக்கும் நடுவில் பதினைந்து முழு நிலவை வரிசையாக அடுக்கலாம்.

மூன்று: அந்த நட்சத்திரம் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று நம் கண்ணில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது அக்காவின் பாட்டிக்குப் பாட்டிகூடப் பிறந்திருக்க மாட்டார். அக்காவின் மாமனாரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

இன்னொரு சேதி. கொடுக்கில் இருந்து வடகிழக்கே ஒரு முட்டிக்குள்தான் நம் பால்வெளி மண்டலத்தின் மையம் இருக்கிறது. ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தூரம். 'மூலம்' என்றால் வேர். நமது சூரியனும் கோடானுகோடி நட்சத்திரங்களும் எதைச் சுற்றுகின்றனவோ, அந்த வேர் தெரிகிற திசை அது. பெயர் வைத்தவனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியுமே!

இரண்டு கட்சிக்கும் ஒரு வார்த்தை

"இதெல்லாம் மூடநம்பிக்கை, கதையைத் தூக்கிக் குப்பையில் போடு" என்று ஒரு கட்சி. "எல்லாம் நம் முன்னோர் ஞானம், கேள்வி கேட்காதே" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை.

கதையைக் குப்பையில் போட்டால் என் அப்பாயியின் கடிகாரமும் அதோடு போய்விடும். ஏடும் எழுத்தும் இல்லாத ஜனங்கள் வானத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழிதான் கதை. கேள்வி கேட்காமல் கும்பிட்டாலோ, அதே கதை ஒரு பெண்ணின் கழுத்தில் சுருக்காக விழும். கதையை வைத்துக்கொள்வோம். சுருக்கை அவிழ்ப்போம். எது பார்த்தது, எது சொன்னது, எது பயமுறுத்தியது என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் படித்தவன் என்று பெயர்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர் பேரவைக்கு நாலு யோசனை சொல்கிறேன்.

முதலாவது, அடுத்த சர்வே கேம்ப்பில் ஒரே ஒரு ராத்திரி தியோடலைட்டை மேலே திருப்புவோம். துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணம்தான் நம் அட்சரேகை. ஒரு டிகிரிக்குள் விடை வரும். பழைய சர்வே புத்தகங்களில் கடைசி அத்தியாயமாகக் கிடக்கிற ஃபீல்டு அஸ்ட்ரானமி அன்றைக்கு உயிர் பெறும்.

இரண்டாவது, லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். எந்த வெள்ளிக்கு என்ன பெயர், எது எழுந்தால் விதைப்பு, எது சாய்ந்தால் விடியல் என்று. கோண்டு மக்களுக்குச் செய்ததை நம் மலைக்கு நாமே செய்யலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலம் மட்டும் போதாது. என் அப்பாயி இப்போது இல்லை. அவரிடம் நான் கேட்டு வைத்தது நாலைந்து பெயர்தான். கேட்காமல் விட்டது எத்தனையோ.

மூன்றாவது, எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு. லடாக்கின் ஹான்லே 2022இல் இருண்ட வானக் காப்பகம் ஆனது. 2023இல் நம் கொல்லிமலையில் அரியூர் சோலைக் காப்புக்காட்டில் 1 கோடி ரூபாயில் இருண்ட வானப் பூங்கா அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்தால் மட்டும் வானம் இருட்டாகிவிடாது. தங்கும் விடுதிகளும் தெருவிளக்குகளும் மேலே பார்த்து எரிந்தால் பூங்கா எதற்கு? வெளிச்சம் ரோட்டில் விழட்டும், வானத்தில் ஏன் விழ வேண்டும்? தகரத்தில் ஒரு மூடி செய்து விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவது நம் ஒர்க் ஷாப்பில் அரை நாள் வேலை. கரண்டும் மிச்சம்.

மலைவாசிக்கு வானம் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்களைப் போலவே மலையாளி ஜனங்கள் வாழும் சவ்வாது மலையில், காவலூரில்தான் 1986இல் 2.3 மீட்டர் டெலஸ்கோப்பைத் திறந்தார்கள். அந்தக் காவலூரில் இருந்துதான் 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு நம் ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

நாலாவது யோசனைக்கு முன், அக்கா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். போன லீவுக்கு என் ரூம்மேட் எங்கள் ஊருக்கு வந்திருந்தான். பின்னிரவு எழுப்பி, தெற்கே தேள் வாலைக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் அக்காவுக்கு போன் போட்டு, ஹவாய்த் தூண்டில், ஆஞ்சநேயர், சரஸ்வதி, 13 லட்சம் கணக்கு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். அந்தப் பக்கம் இருந்து அக்கா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்:

"இதையெல்லாம் எனக்கு ஏன்டா சொல்ற? பொண்ணு கேட்டு வர்றவங்க கிட்டச் சொல்லு."

அதனால்தான் நண்பர்களே, இதை உங்களிடம் சொல்கிறேன். இன்னும் ஐந்தாறு வருடத்தில் பெண் கேட்டுப் போகப் போகிறவர்கள் யார்? நாம்தானே! அன்றைக்கு வீட்டுப் பெரியவர்கள் "பொண்ணுக்கு மூலமாம்ப்பா" என்று இழுக்கும்போது, "இருக்கட்டுமே, எனக்குச் சம்மதம்" என்று சொல்ல நமக்குத் துணிச்சல் வேண்டும். என் நாலாவது யோசனை அதுதான். அதற்குப் பேரவைத் தீர்மானம் தேவையில்லை, செலவும் இல்லை.

இன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடிக்கு வாருங்கள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்போம்.